நட்சத்திர மீனை நடக்க வைப்பது கடல்நீர்

[காட்சி: அலை வற்றிய பாறை. ஊதா நிற நட்சத்திர மீன் ஒன்று சிப்பியின் மேல் கவிந்திருக்கிறது.]

இது ஓக்கர் நட்சத்திர மீன். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறைகளில் வாழ்வது. பெயரில்தான் மீன். முதுகெலும்பு கிடையாது, மூளை கிடையாது, ரத்தத்தை இறைக்கும் இதயமும் கிடையாது. ஆனால் இறுக மூடிக்கிடக்கும் சிப்பியைத் திறந்து தின்றுவிடும். அந்த வலு எங்கிருந்து வருகிறது?

[காட்சி: முதுகுப்புறம், மிக அருகில்.]

நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வெளிறிய வட்டம் தெரிகிறதா? அதுதான் சல்லடைத் தட்டு. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே போகிறது. வாயைச் சுற்றியுள்ள வளையக் குழாய்க்கு வந்து, அங்கிருந்து ஐந்து கைகளுக்கும் பிரிகிறது.

[காட்சி: புரட்டிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்க நெளியும் குழாய்க்கால்கள்.]

நூற்றுக்கணக்கில் இருக்கும் இவைதான் கால்கள். ஒவ்வொன்றின் மேலேயும் உடலுக்குள் ஒரு சின்னப் பை. இங்க் ஃபில்லரின் ரப்பரை அழுத்துகிற மாதிரி அந்தப் பை சுருங்கினால், நீர் கீழே இறங்கிக் கால் நீளும். நுனி பாறையைத் தொட்டதும் ஒருவகைப் பசை சுரக்கும். காலை எடுக்க வேண்டுமானால் வேறொரு சுரப்பு பசையை விடுவிக்கும். கால்கள் உறிஞ்சிப் பிடிக்கின்றன என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. ஆனால் கண்ணாடித் தொட்டியில் நடந்துபோன நட்சத்திர மீன், பசைத் தடத்தை விட்டுச் செல்கிறது!

சரி, சிப்பிக்கு வருவோம். கால்கள் இரண்டு ஓடுகளையும் பற்றி இழுக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி கிடைத்தாலே போதும். நட்சத்திர மீன் தன் இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளி, அந்த இடுக்கில் நுழைத்துவிடும். சிப்பி தன் ஓட்டுக்குள்ளேயே செரிக்கப்படுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத காட்சி இது.

[காட்சி: கடல் முள்ளெலி, கடல் அட்டை.]

இவையும் நட்சத்திர மீனைப் போலவே முட்தோலி இனம்தான், அதாவது தோலில் முட்கள் கொண்டவை. ஐந்து கைகளும் மேலே மடங்கி ஒட்டிக்கொண்டால் கடல் முள்ளெலி. முட்களுக்கு நடுவே அதே குழாய்க்கால்கள் நீளும். வாயில் ஐந்து பற்கள். நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் கடல் அட்டையோ பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. அதன் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகள் உருமாறிய குழாய்க்கால்களே. அப்புறம், அது மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக.

[காட்சி: கை நுனியில் சிவப்புப் புள்ளி.]

ஒவ்வொரு கை நுனியிலும் இப்படி ஒரு கண்புள்ளி உண்டு. அப்படியானால் தலை எது? 2023-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் தேடியது. மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் தோலில் ஒவ்வொரு கையின் நடுவிலும் வேலை செய்கின்றன. தலைக்குப் பின்னுள்ள உடற்பகுதியை உருவாக்கும் மரபணுக்களோ அங்கே ஏறக்குறைய இல்லை. அந்த ஆய்வின்படி, பாறையில் ஊர்ந்து போவது பெரும்பாலும் ஒரு தலைதான்.