பாடப் பாட ராகம்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இசை ஆசிரியர் பெருமக்களே, எண்பது வயதைத் தாண்டியும் மாடிப்படி ஏறி வந்திருக்கும் என் தங்கையின் குருநாதர் ஐயா அவர்களே, இந்த அரங்கை ஒரு மாலைப் பொழுதுக்கு மனமுவந்து கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து வயலின் கற்ற தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஐயா, நீங்கள் வருவீர்கள் என்று நான் நம்பவில்லை. வந்தது எங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய மரியாதை. நூலகர் அம்மாவுக்கு நன்றி சொல்வதோடு ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. 'பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்.' தங்கை வயலினை எடுக்கச் சோம்பும் நாட்களில் அம்மா இதன் முதல் பாதியை மட்டும் சொல்வார். இரண்டாம் பாதி எனக்குப் புரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இன்று மூன்று விஷயங்கள் பேச நினைத்திருக்கிறேன். அவள் எப்படி வாசித்தாள், எப்படிப் போனாள், எதை விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனபோது வயது 22. மூன்று வாரக் காய்ச்சல். துக்கம் கேட்க வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அப்பாவைக் கட்டிக்கொண்டார்கள். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நீதாம்பா அவங்களைத் தேத்தணும்." கூடப் பிறந்தவனுக்கும் ஒரு துக்கம் உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நானும் தேற்றினேன். வயலின் பெட்டி அலமாரி மேலே போனது. அவள் பதிந்து வைத்த கேசட்டுகள் ஒரு தகர டப்பாவுக்குள் போயின. அவள் பெயரைச் சொன்னால் அம்மா உடைந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று அம்மாவும் சொல்லவில்லை. மூட மூட ரோகம் என்றால் அதுதான்.

சரி, அந்தக் கேசட் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் பெரிய கதை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு அப்போது பதினாறு, எனக்கு இருபது. சாயங்காலம் பாடம் முடிந்து வந்ததும், ஐயா வாசித்துக் காட்டியதை மறப்பதற்குள் தானும் வாசித்து, சி-60 கேசட்டில் பதிந்துவிடுவாள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நிரம்பியதும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காதை ஊசியால் நெம்பி உடைப்பாள். அந்தக் காது போய்விட்டால் பதிவு பட்டன் இறங்காது. அப்புறம் தெரியாத்தனமாகக்கூட யாரும் மேலே பதிந்துவிட முடியாது. இங்கே சிலர் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரக்கணக்காக நான் காத்திருந்த பாட்டுகள் வானொலியில் வரப்போகின்றன. கையில் காலிக் கேசட் இல்லை. நண்பன் வீட்டுக்கு ஓடினேன், இல்லை. அப்பாவின் மேசை இழுப்பறை, பரண், கட்டிலடி எல்லாம் துழாவினேன். மணியோ நெருங்குகிறது. அவளுடைய வரிசையிலிருந்து ஒன்றை உருவினேன். அட்டையில் அவள் கையெழுத்தில் 'பேகடா - பாதி' என்று எழுதியிருந்தது. பேகடா ஒரு ராகம். பாதிதானே, முழுசாக இருந்தால் தொட மாட்டேனே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். செலோடேப் ஒட்டினேன். பதிந்தேன். 26 நிமிடம்.

மூன்று நாள் கழித்து அவளுக்குத் தெரிந்தது. பெரிய சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டாவது நல்லா வந்திருக்காண்ணா?" என்றாள். அப்புறம், "விடு, இன்னொரு நாள் வாசிச்சுப் பதிஞ்சுக்கறேன்" என்றாள். பதினாறு வயதில் இன்னொரு நாளுக்கு என்ன பஞ்சம்? அந்தப் பேகடாவை அவள் மறுபடியும் பதியவே இல்லை.

அம்மாவும் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். ஏழு கேசட்டுகள். இரண்டில் நாடாச் சுருளின் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. நல்ல நிலையில் இருந்தவற்றில் 'பேகடா - பாதி'யும் ஒன்று. ஓடவிட்டேன். நான் பதிந்த சினிமாப் பாட்டு வந்தது. அறிவிப்பாளர் குரல் வந்தது. இன்னொரு பாட்டு. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், நான் நிறுத்திய இடம். அதற்கடுத்த நொடியில் வயலின்.

மிச்சம் நாலு நிமிடம். ஒரு பிடியை வாசிக்கிறாள், விரல் சறுக்குகிறது. 'ச்சு' என்கிறாள். மறுபடியும் அதையே எடுக்கிறாள், இந்தத் தடவை சரியாக வந்து நிற்கிறது. கடைசியில் மைக்கைவிட்டுத் தள்ளி இருந்து கேட்கிறாள்: "அண்ணா, இது ஓடுதா?" அப்படியானால் அன்றைக்கு நான் அந்த அறையில் இருந்திருக்கிறேன். எனக்கு அது நினைவில் இல்லை.

அழிந்த 26 நிமிடத்தை மீட்க முடியுமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். முடியாது. கேசட் கருவிக்குள் நாடா உரசிப் போகும் காந்த முனையை ஹெட் என்பார்கள். புதிதாகப் பதியும்போது அழிப்பு ஹெட் முதலில் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் வழிவிடுகிறது.

ஆனால் அழியாமல் டப்பாவில் கிடப்பதைக் காப்பாற்றலாம். அதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இசையமைப்பாளர் பிரான்ஸ் ஷூபர்ட் 1828 நவம்பர் 19 அன்று வியன்னாவில் இறந்தபோது அவருக்கு வயது 31. உயிர் பிரிந்தது அண்ணன் பெர்டினாண்டின் வீட்டில். அண்ணன் ஓர் ஆசிரியர். தம்பி எழுதிக் குவித்த இசைத்தாள்களைத் தூக்கிப் போடாமல் பத்து வருடம் வைத்திருந்தார். முக்கியமாக, கேட்டு வந்தவருக்குத் திறந்து காட்டினார். 1839 தொடக்கத்தில் இன்னொரு இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் வந்து அந்தக் கட்டுகளைப் புரட்டியபோது கிடைத்ததுதான் சி மேஜரில் அமைந்த பெரிய சிம்பொனி. அதே ஆண்டு மார்ச் 21 அன்று லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்தி அதை அரங்கேற்றினார். ஷூபர்ட் முடிக்காமல் விட்ட இன்னொரு சிம்பொனி ஒரு நண்பரிடம் இருந்தது. அது வெளியே வரவில்லை. 1865இல்தான் உலகம் அதைக் கேட்டது, இறந்து 37 வருடம் கழித்து. இரண்டுமே தாளில் இருந்ததால் காத்திருந்தன. நாடா அவ்வளவு காலம் காத்திருக்காது.

அந்த மெண்டல்சனே 1847 மே மாதத்தில் அக்கா ஃபேனியைப் பறிகொடுத்தவர். அக்காவும் இசை எழுதியவர், வயது 41. அந்தத் துக்கத்தில் எஃப் மைனரில், நான்கு நரம்பு வாத்தியங்களுக்கான ஒரு நால்வர் இசை எழுதினார், அதே ஆண்டு நவம்பரில் தானும் போய்விட்டார். அதைப் பேச ஒரு தனிக் கூட்டம் வேண்டும். நம் நாடக நடிகர், பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் மறைந்தபோது வயது 27. இசைத்தட்டில் பாடி வைத்ததால் இன்றைக்கும் அந்தக் குரல் கேட்கிறது. பாடப் பாட ராகம், கேட்கக் கேட்கவும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். அக்கா பாடியது, தம்பி வாசித்தது, யாரோ ஒருவர் சிரித்தது. அந்த நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பாலியெஸ்டர் பட்டை மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு, அவ்வளவுதான். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை காலப்போக்கில் கெடும். நாடா பிழைத்தாலும் ஓடவைக்கும் நல்ல கருவி கிடைப்பது அரிதாகிவருகிறது. 2019இல் யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து இதைத்தான் எச்சரித்தன.

எனவே கேளுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும், அதை விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தாலும் முதலில் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். காது உடைக்காமல் இருந்தால் இன்றே உடையுங்கள், என் தங்கை செய்தது போல. பதியும்போது வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்குச் சுமார் 2 ஜிபி ஆகும், ஆகட்டும். மூலப் பதிவில் இரைச்சலை நீக்கப் போகாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து வில் நரம்பில் உரசும் சத்தமும் போய்விடும், அந்த 'ச்சு'வும் போய்விடும். மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

இப்போது நூலகர் அம்மாவுக்கு அந்தக் கோரிக்கை. ஒரு நல்ல கேசட் டெக், ஒரு கணினி, ஒரு மேசை. என்னிடம் இருக்கும் டெக்கை இன்றே நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் நானே வந்து உட்கார்ந்து பதிந்து கொடுக்கிறேன். அக்டோபர் 27 உலக ஒலி-ஒளி மரபு நாள். அன்றைக்கே தொடங்கலாம் என்று அவைத் தலைவரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் கேசட் இருப்பவர்கள் பெயரும் எத்தனை கேசட் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.

அவள் எப்படி வாசித்தாள் என்று நான் சொல்வதைவிட நீங்களே கேட்டுவிடலாம். ஐயா, அவள் சறுக்கும் இடம் உங்கள் காதுக்குத் தப்பாது. அடுத்த தடவை சரியாகப் பிடித்துவிடுவாள், அதையும் கேளுங்கள். நாலு நிமிடம்தான். தம்பி, போடுப்பா.