பதினான்கு குரல்களும் ஒரு கேமராவும்

நேயர்களுக்கு வணக்கம்.

1825ஆம் ஆண்டு மே மாதம், பிரான்ஸின் பத்தாம் சார்லஸ் மன்னருக்கு ரெய்ம்ஸ் நகரில் முடிசூட்டு விழா. அதையொட்டி ஜூன் 19ஆம் தேதி பாரிஸில் ஓர் இத்தாலிய ஆபெரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடகம், அரங்கேறியது. இசையமைத்தவர் ஜொவாக்கினோ ரோசினி. பெயர் 'இல் வியாஜ்ஜோ அ ரெய்ம்ஸ்', அதாவது ரெய்ம்ஸ் பயணம். பயணம் என்று பெயர்தானே தவிர, கதையில் ஒருவர்கூட ரெய்ம்ஸ் போய்ச் சேர்வதில்லை!

ப்ளோம்பியேர் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரு விடுதி. ஐரோப்பாவின் பல நாட்டுப் பிரபுக்களும் சீமாட்டிகளும் முடிசூட்டு விழாவுக்குப் போகிற வழியில் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியின் உடைகளை ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்துவிடுகிறது. செய்தி கேட்டு மயங்கி விழுகிறார். புதுத் தொப்பி ஒன்று மட்டும் பிழைத்தது என்றதும் எழுந்து உட்கார்ந்து, ஏதோ உயிர் மீண்டதுபோல ஆனந்தமாகப் பாடுகிறார். கடைசியில், வாடகைக்குக் குதிரையே கிடைக்கவில்லை என்று தெரிகிறது. சரி, இருக்கிற பணத்தில் இங்கேயே விருந்து வைப்போம் என்று முடிவாகிறது. விருந்தில் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுப் பாட்டைப் பாட வேண்டும். ஆங்கிலப் பிரபுவுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, இங்கிலாந்தின் ராஜவாழ்த்து. அதையே பாடிவைக்கிறார்.

இவ்வளவுதான் கதை. மன்னரை வாழ்த்த எழுதிய படைப்பில் ராஜ விசுவாசிகளையே ரோசினி கிண்டல் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நான்கே முறை மேடையேறியது. பிறகு ரோசினியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விழா முடிந்தது, இனி இதை யார் கேட்பார் என்று நினைத்திருக்கலாம். இசையை அவர் வீணாக்கவில்லை. ஏறக்குறைய பாதியை 1828இல் 'கோந்த் ஓரி' என்ற பிரெஞ்சு ஆபெராவில் சேர்த்துக்கொண்டார். மீதி, ஏடுகளாகப் பல ஊர்களில் சிதறிப்போனது.

ஆபெரா உலகில் அந்தக் காலத்துப் பாணியை பெல் காண்டோ என்பார்கள். ரோசினி, பெல்லினி, டோனிசெட்டி மூவரும் அதன் முக்கியமான பெயர்கள். குரல்தான் அங்கே எஜமான். நம் சங்கீதத்தில் பிருகா பேசும் சாரீரம் என்று சொல்வோமே, அப்படி வேகமான சங்கதிகள் ஒவ்வொரு சுரமும் தெளிவாக உருண்டுவர வேண்டும். பிறகு வந்த இசையமைப்பாளர்கள் வெர்டி, வாக்னர் காலத்தில் பெரிய வாத்தியக் குழுவை மீறி ஒலிக்கும் கனத்த குரல்களுக்கு மதிப்பு ஏறியபோது இந்தப் பயிற்சி மங்கியது. பாடத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள், படைப்புகளும் மேடையிலிருந்து இறங்கின. 1957இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் பாடகி மரியா காலஸ் டோனிசெட்டியின் 'அன்னா பொலேனா'வைப் பாடிய பிறகுதான் பழைய ஏடுகளைத் தூசிதட்டும் ஆர்வம் பெருகியது.

'ரெய்ம்ஸ்' விஷயத்தில் தூசிதட்ட முழு ஏடே இல்லை. 1970களில் ரோமின் சாந்தா செசீலியா இசைக் கல்லூரி நூலகத்தில் ரோசினியின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதி அடையாளம் காணப்பட்டது. பாரிஸிலும் வியன்னாவிலும் கிடைத்தவற்றை அதோடு பொருத்தி, ஜேனட் ஜான்சன், ஃபிலிப் காஸெட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். 1984 ஆகஸ்டில், ரோசினி பிறந்த பெசாரோ நகரின் இசைத் திருவிழாவில் அது மறுபடி மேடையேறியது. வாத்தியக் குழுவை நடத்தியவர் கிளாடியோ அப்பாடோ. பாடியவர்கள் கத்யா ரிச்சியாரெல்லி, செசீலியா காஸ்தியா, சாமுவேல் ரேமி, ருஜ்ஜேரோ ரைமொண்டி என்று நீண்ட வரிசை. சாதாரண ஆபெராவுக்கு நான்கைந்து நட்சத்திரங்கள் போதும். இதற்குப் பத்துப் பேராவது வேண்டும். எந்த அரங்கின் கணக்குப்பிள்ளைக்கும் தலைசுற்றும்.

அந்த நிகழ்ச்சியின் மேடை இயக்குநர் லூக்கா ரோன்கோனி செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, வெளியே பெசாரோ வீதிகளில் மன்னரின் ஊர்வலம் போகிறது. கேமராக்கள் அதைப் படம்பிடிக்க, அரங்குக்குள் திரைகளில் ரசிகர்கள் பார்க்கிறார்கள். முடிவில் அந்த ஊர்வலம் அரங்குக்குள்ளேயே வந்துவிடுகிறது. ரெய்ம்ஸ் போக முடியாத விருந்தாளிகளுக்கும் விழா என்பது எங்கோ நடக்கிற ஒன்றுதானே! நம் வீட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அரச திருமணம் பார்ப்பவர்களின் நிலை அது. கதைக்குள்ளிருந்தே கேமராவுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார் ரோன்கோனி.

பிறகு வந்த வீடியோக்களில் கேமரா வெளியாள்தான். ரஷ்யாவின் மாரின்ஸ்கி ஆபெரா குழு வாலேரி கெர்கியேவ் தலைமையில் 2005இல் பாரிஸின் ஷாத்லே அரங்கில் நடத்தியது டிவிடியாகக் கிடைக்கிறது. உற்சாகமான நிகழ்ச்சி, குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த ஆபெராவின் உச்சம் பதினான்கு குரல்கள் சேர்ந்து பாடும் ஒரு பகுதி. குதிரை கிடைக்காத அதிர்ச்சியில், ஆரம்பத்தில் வாத்தியத் துணையே இல்லாமல் பதினான்கு பேரும் மெல்லத் தொடங்கிப் பின்னிப் பின்னி ஏறுகிறார்கள். அரங்கில் இருப்பவர் கண் தான் விரும்பிய முகத்துக்குப் போகும், காது மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். வீடியோவில் தொகுப்பாளர் ஒரு முகத்தைப் பெரிதாகக் காட்டிய உடனே காதும் அந்தக் குரலைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. இத்தகைய இடங்களில் கேமரா பின்னால் போய், முழு மேடையையும் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். தொப்பிப் பாட்டுக்கு மட்டும் நெருங்கி வரட்டும். அங்கே முகம்தான் நகைச்சுவை.

இத்தனை பாடகர்களுக்கு ஆகும் செலவுக்கு பெசாரோவிலேயே ஒரு வழி பிறந்தது. 2001 முதல் ஆண்டுதோறும் அங்கே பயிற்சி பெறும் இளம் பாடகர்கள் இந்த ஆபெராவை நடத்துகிறார்கள். நட்சத்திரங்கள் மட்டுமே பாட முடியும் என்றிருந்த படைப்பு, இன்று மாணவர்களின் அரங்கேற்ற மேடை.

முதன்முறையாகக் கேட்க விரும்புகிறவர்கள் வீடியோவைத் தேடிப் போக வேண்டாம். 1984 பெசாரோ நிகழ்ச்சிகளில் அப்பாடோ செய்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. அதில் அந்தப் பதினான்கு குரல் பகுதியை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள், படம் அப்புறம் பார்க்கலாம். வணக்கம்.