எய்தவன் இருக்க அம்பை நோவானேன்

(உலக உடல் பருமன் நாளான மார்ச் 4 அன்று நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட நகராட்சித் தலைவர் அவர்களே, செவிலியர் பயிற்சிப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, வரவேற்புரையாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியிலிருந்து மோர் வரைக்கும் பார்த்துக்கொண்ட அரிமா சங்க நண்பர்களே! எல்லாருக்கும் மேலாக, காலையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு, அந்தப் பையோடு நேராக இங்கே வந்திருக்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் சகோதரிகளே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு "உடல் பருமனும் பொதுமக்கள் மனநிலையும்". மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். குண்டாக இருப்பவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது முதலாவது. அந்தப் பார்வை உடம்பை என்ன செய்கிறது என்பது அடுத்தது. சட்டமும் சினிமாவும் தொலைக்காட்சியும் இதில் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி. நடுவில், பிரஷர் பார்க்கும் பட்டையைப் பற்றி ஒரு கோரிக்கையும் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.

1961ல் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் 640 பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஆறு படங்களைப் பரப்பினார்கள். ஆறிலும் அதே வயதுப் பிள்ளைதான். ஒன்றில் கைகால் எல்லாம் சுகமாக உள்ள பிள்ளை. இன்னொன்றில் காலில் கம்பிக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். மற்றொன்றில் சக்கர நாற்காலி, கால்களை மூடிய போர்வை. ஒரு படத்தில் இடது கை இல்லை. ஒரு படத்தில் வாயோரம் முகம் சிதைந்திருக்கிறது. மிச்சமுள்ள படத்தில் இருப்பது குண்டான பிள்ளை. அவ்வளவுதான், வேறு குறை ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை.

"இதில் உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கிறது?" என்று கேட்கிறார்கள். பிள்ளை ஒரு படத்தின் மேல் விரல் வைக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிடுகிறார்கள். "மிச்சத்தில் யாரைப் பிடிக்கிறது?" இன்னொரு படம் போகிறது. ஐந்தாகிறது, நான்காகிறது, மூன்றாகிறது. இரண்டே படம் இருக்கும்போதும் அதே கேள்வி. கடைசியில் யாரும் கை வைக்காத ஒரு படம் மேசையில் தங்குகிறது. 640 பிள்ளைகளின் வரிசையையும் கூட்டிச் சராசரி பார்த்தார்கள். தாய்மார்களே, கடைசி இடத்தில் நின்றது அந்தக் குண்டுப் பிள்ளை. பார்த்தவர்களும் பிள்ளைகள், படத்தில் இருந்ததும் பிள்ளை. பத்து வயதுக் குழந்தைக்கு இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது? வீட்டில் கேட்டது, வகுப்பில் கேட்டது, திரையில் பார்த்துச் சிரித்தது. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!

அதே ஆறு படங்களை லாட்னர், ஸ்டங்கார்ட் என்ற இருவர் மறுபடி எடுத்துக்கொண்டு போய் 458 பிள்ளைகளிடம் காட்டினார்கள். 2003ல் முடிவு வெளிவந்தது. நாற்பது வருடத்தில் உலகம் திருந்தியிருக்கும் என்றுதானே நினைப்போம்? குண்டுப் பிள்ளை அதே கடைசி இடத்தில்தான் இருந்தது. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள தூரம் முன்னைவிடக் கூடியிருந்தது.

பெரியவர்கள் கதையும் இதுதான். நம் செகந்திராபாத்தில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் மஹ்ஜரின் பானாஜி, சார்ல்ஸ்வர்த்துடன் சேர்ந்து 2019ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கணினித் திரையில் ஒல்லியானவர் படமும் குண்டானவர் படமும், நல்ல சொல்லும் கெட்ட சொல்லும் மாறி மாறி வரும். எந்த ஜோடிக்கு விரல் விரைந்து விசையைத் தட்டுகிறது என்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். வாய் மறைப்பதை விரல் காட்டிவிடும். 2007 முதல் 2016 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்கள் மேல் இருந்த உள்மனக் கசப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. நிறவெறி 17 சதவீதம் குறைந்திருந்தது. உடல் எடை ஒன்றில் மட்டும், அந்த ஆண்டுகளின் முற்பகுதியில் கசப்பு கூடியிருந்தது.

"சொன்னால்தானே ரோஷம் வந்து இளைப்பார்கள்" என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 2,944 பேரை நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். எடையைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ ஏறினார்கள். அப்படி எதுவும் நடக்காதவர்கள் 0.71 கிலோ இறங்கினார்கள். இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான், இழிவு மட்டுமே காரணம் என்று நிரூபிக்காது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பரிசோதனையும் செய்தார்கள். 2011ல் வெளிவந்தது அது. எடை கூடிய பெண்களில் ஒரு பாதிக்குக் குண்டானவர்களைக் கேலி செய்யும் காட்சிகளைக் காட்டி, மறு பாதிக்குச் சாதாரணக் காட்சிகளைக் காட்டி, பிறகு தின்பண்டத்தை முன்னால் வைத்தார்கள். கேலியைப் பார்த்தவர்கள் மூன்று மடங்குக்கும் மேல் கலோரி சாப்பிட்டிருந்தார்கள். அவமானப்பட்ட உடம்பில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, பசி கிளம்புகிறது. நாலு பேர் பார்ப்பார்களே என்று நடைப்பயிற்சி நின்றுபோகிறது.

எடையோ சோம்பலால் மட்டும் ஏறுவதில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், எடை வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் பரம்பரையோடு சேர்ந்தது என்கின்றன. ஸ்டீராய்டு எடை ஏற்றும். இன்சுலின் ஏற்றும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநலத்துக்குத் தரும் ஓலான்சபைன் இரண்டும் ஏற்றும். மருந்துச் சீட்டு எழுதியது மருத்துவர்களாகிய நாம். ஏறிய எடைக்கு ஏச்சு வாங்குவது அவர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!

மருத்துவர்களும் இதில் விலக்கு இல்லை. 2003ல் அமெரிக்காவில் 620 பொதுநல மருத்துவர்களிடம் கேட்டதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், குண்டான நோயாளிகள் அழகற்றவர்கள், சொன்னதைக் கேட்காதவர்கள் என்றே எழுதிக்கொடுத்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அலுவலர் அவர்கள் கொஞ்சம் செவி சாய்க்க வேண்டும். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிறோமே, அந்தக் கஃப்! சாதாரணக் கஃப், நடுக்கையின் சுற்றளவு 27 முதல் 34 சென்டிமீட்டர் உள்ளவர்களுக்கு. 35 முதல் 44 வரை பெரிய கஃப் வேண்டும். 45க்கு மேல் அதைவிடப் பெரியது வேண்டும். கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சூழ வேண்டும். பை சிறிதானால் அழுத்தம் ரத்தக்குழாய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. குழாயை மூட அதிகக் காற்று ஏற்ற வேண்டிவரும், அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு கூடுதல்? 2023ல் பால்டிமோரில் வெவ்வேறு அளவுக் கஃப்களை அதே ஆட்கள் மேல் போட்டுப் பார்த்தார்கள். பெரிய கஃப் வேண்டியவருக்குச் சாதாரணக் கஃப் போட்டால் மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது. மிகப் பெரியது வேண்டியவருக்கு 19.5 கூடியது. உண்மையில் 125 உள்ள ஒருவருக்கு 144 என்று எழுதிவிடலாம். மாத்திரை தொடங்கிவிடுவார்கள். அது மட்டுமா? ஒட்டும் பட்டை படீரென்று பிய்ந்துகொள்ளும்போது, "என்னம்மா, கை இவ்வளவு பெருசா இருக்கு, பட்டை பத்தலையே" என்று வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தை வந்துவிடும். அந்த அம்மா அடுத்த மாதம் வரமாட்டார். சிறியது கஃப், குற்றவாளி ஆனது அந்த அம்மாவின் கை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!

நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரிய கஃப் யாரோ ஒருவருக்கு எப்போதோ தேவைப்படும் பொருள் என்று இனி ஒதுக்க முடியாது.

சகோதரிகளே, செய்முறை சுலபம். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியில் இன்ச் டேப்பைச் சுற்றுங்கள், இறுக்காமல். சென்டிமீட்டரைப் படித்து அட்டையில் ஒருமுறை குறித்துவிட்டால் அடுத்த தடவை அளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ரவிக்கைக் கை மேல் சுற்றாதீர்கள். அதைச் சுருட்டி மேலே ஏற்றி இறுக்கினாலும் தப்பாகக் காட்டும். கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு மேல் இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். சிலருக்கு மேற்கை அகன்று முழங்கைப் பக்கம் குறுகி இருக்கும். அங்கே பெரிய கஃபும் வழுக்கும். அப்போது மணிக்கட்டை நெஞ்சு உயரத்தில் தாங்கி, முன்கையில் அளந்து, "முன்கை" என்று பக்கத்தில் எழுதுங்கள். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதிக் காட்டுங்கள். எடையைப் பற்றிப் பேசும் முன் "இன்னைக்கு இதைப் பத்திப் பேசலாமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்த வேலையைப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சினிமா, தொலைக்காட்சி பற்றியும் விரித்துச் சொல்வதாக இருந்தேன். மிச்சிகன் மாநிலம் 1976லேயே வேலையில் எடையைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுத்தது, நியூயார்க் நகரம் 2023ல் தடுத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

முன்னே சொன்ன கோரிக்கைக்கான தீர்மான வரைவு இதோ. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்று அளவுக் கஃப். தன்னார்வலர் பை ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கஃப், ஓர் இன்ச் டேப். எடை மெஷினுக்கு ஒரு திரை. காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி இரண்டு. கஃப் வாங்கும்போது அந்தக் கருவியின் கம்பெனிக் கஃபாகவே வாங்க வேண்டும், கம்பெனி மாறினால் அளவும் மாறும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். முதல் கையெழுத்தை நகராட்சித் தலைவர் அவர்கள் போட்டுத் தந்தால், மேடையை விட்டு இறங்கும்போதே இதை மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.