பிள்ளைகள் பார்க்கும் அரசாங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாக்குரிமை 18 வயதில்தான் வருகிறது. அரசாங்கத்தைப் பற்றிய அபிப்பிராயமோ ஆரம்பப் பள்ளி வயதிலேயே பிள்ளைகள் மனதில் ஊன்றிவிடுகிறது.

ரேஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் கைரேகை தேய்ந்துபோயிருக்கிறது, மிஷின் எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு, விரலை மாற்றி மாற்றி வைக்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேரன் எல்லாவற்றையும் பார்க்கிறான்: கடைக்காரர் பாட்டியை 'நீங்க' என்கிறாரா, 'நீ' என்கிறாரா? தெரிந்தவர் வந்தால் வரிசையைத் தாண்டிப் போட்டுக் கொடுக்கிறாரா? அரசாங்கம் நம்மை எப்படி நடத்தும் என்று அவன் முடிவுகட்டுவது அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் 'எல்லாரும் திருடனுங்க' என்று பெரியவர்கள் ஒரே போடாகப் போட்டால், கேட்பதற்கே ஆளில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். கிராமத்தில் தெருவிளக்கும் தெருக்குழாயும் ஊராட்சியின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராமசபை கூடும், பிள்ளையையும் கூட்டிப்போங்கள். குழாய் பற்றிய மனு தீர்மானமாக எழுதப்படுவதைப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத்தில் 'அது என்ன ஆச்சு?' என்று நீங்கள் எழுந்து கேட்பதையும் பார்க்கட்டும்.

அடுத்தது வகுப்புத் தலைவர். முதல் மார்க் வாங்குகிறவரை ஆசிரியரே நியமித்து, பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதச் சொல்கிறோம். பதவி என்றால் காட்டிக்கொடுப்பது என்று பிஞ்சிலேயே பழக்குகிறோம்!

தேர்தல் வையுங்கள். கை தூக்கச் சொன்னால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் கை உயரும். ஒரே அளவுத் துண்டுச்சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். டிக் மட்டும் போடட்டும், கையெழுத்து காட்டிக்கொடுக்காது. மறைவாக நின்று போட்டு, மடித்து டப்பாவில் இடட்டும். ஒவ்வொரு சீட்டையும் எல்லோருக்கும் காட்டி, போர்டில் கோடு போட்டு எண்ணுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தலைவருக்கு உருப்படியான வேலை கொடுங்கள்: விளையாட்டுச் சாமான் முறை வைத்துப் பங்கிடுவது, கழிப்பறையில் தண்ணீர் வராததைத் தலைமையாசிரியரிடம் சொல்வது.

ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து போடுவார்கள், ஆண்பிள்ளைகள் ஆண்பிள்ளைக்கே போடுவார்கள், சாக்லேட்டும் கைமாறும். திட்ட வேண்டாம். 'போன மாதம் யாருக்குப் பந்து கிடைக்கவே இல்லை?' என்று வகுப்பைக் கேளுங்கள். அடுத்த மாதம் கொஞ்சம் யோசித்துப் போடுவார்கள். ஜெயித்த பிள்ளை பிடிக்கவில்லை என்று முடிவை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதற்குத் தேர்தலே வைக்காமல் இருந்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.