தொடாமல் வாசிக்கிற தெரமின், அதைச் செய்தவரின் கதை

வணக்கம் மக்களே! மேஜையில் இருக்கிற இந்தப் பெட்டியைப் பாருங்கள். வலது பக்கம் நட்டமாக ஒரு கம்பி, இடது பக்கம் வளையமாக ஒரு கம்பி. இதுதான் தெரமின். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது, அதனால் கொஞ்சம் பயந்துதான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்போது வலது கையை நட்டக் கம்பிக்குக் கிட்டே கொண்டு போகிறேன். கேட்கிறதா? சுருதி ஏறுகிறது. விலக்கினால் இறங்குகிறது. இடது கை வளையத்தை நெருங்கினால் சத்தம் அடங்கிவிடும். எதையும் தொடவே இல்லை. உள்ளே இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது மின் அலைகளை உண்டாக்கும் சுற்றுகள், காதுக்கு எட்டாத ரேடியோ அலைவரிசையில் ஓடுகின்றன. ஒன்று மாறாது. மற்றது கை நெருங்க நெருங்க மாறும், ஏனென்றால் நம் கையும் கம்பியும் சேர்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற ஒரு கெப்பாசிட்டர் போல ஆகிவிடுகின்றன. இரண்டு ஆசிலேட்டர்களின் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கேட்கிறது.

இதைச் செய்தவர் லெவ் தெர்மென். 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர், இயற்பியலும் படித்தார், செல்லோவும் வாசித்தார். 1920 வாக்கில் பெட்ரோகிராடில் (அதே ஊரின் அப்போதைய பெயர்) வாயுக்களின் மின்பண்பை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கை அசைந்தால் ஹெட்போனில் விசில் சத்தம் மாறியது. வேறு ஆளாக இருந்தால் கோளாறு என்று சரி பண்ணியிருப்பார். இவர் அதில் பாட்டு வாசிக்கப் பார்த்தார்! 1922-ல் கிரெம்ளினில் லெனினுக்கே வாசித்துக் காட்டினார்.

1927 கடைசியில் நியூயார்க் வந்தார். 1929-ல் ஆர்சிஏ என்ற அமெரிக்க ரேடியோ கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹம் பண்ணத் தெரிந்த யாரும் வாசிக்கலாம் என்று விளம்பரம் வேறு. அந்த விளம்பரத்தை எழுதியவர் இதை வாசித்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். வீணையில் விரல் வைக்க மெட்டுக்கட்டை இருக்கிறது, வயலினில் தந்தியாவது இருக்கிறது. இதில் விரலுக்குப் பிடிமானமே கிடையாது. ஸ-விலிருந்து ப-வுக்குப் போகிறேன், கேளுங்கள். நடுவில் இருக்கிற அத்தனையையும் வழித்துக்கொண்டு போகிறது, போய்ச் சேர்ந்த இடமும் ப இல்லை. விலையும் அதிகம், அதே வருஷம் பங்குச் சந்தையும் சரிந்தது. சுமார் 500 பெட்டிகளோடு கதை முடிந்தது.

இந்த வாத்தியத்துக்கு மானம் காத்தவர் கிளாரா ராக்மோர். வில்னியஸில் பிறந்தவர், குழந்தை மேதை என்று பெயர் எடுத்த வயலின் கலைஞர். கைக் கோளாறால் வயலினை விட வேண்டியதாயிற்று. அவர் கேட்டபடி தெர்மென் மூன்று ஸ்தாயியை ஐந்தாக்கினார், இடது கைக்கு வேகம் கூட்டினார். கல்யாணமும் கேட்டார். கிளாரா வேறொருவரை மணந்தார். பிறகு தெர்மென் லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரை மணந்தார்.

1938-ல், கழுத்து வரை கடன் இருந்த நிலையில், சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். மனைவி அவரோடு போகவில்லை. 1939-ல் கைது, பிறகு ரஷ்யாவின் தூரக் கிழக்கில் கோலிமா கட்டாய உழைப்பு முகாம். அப்புறம் கைதி விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ஆய்வுக்கூடம். அங்கேதான் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி செய்தார். 1945-ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குச் சிறுவர்கள் பரிசளித்த மரச் சின்னத்துக்குள் அது இருந்தது. பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர் வரும். அறையில் பேசுகிற பேச்சுக்கு மெல்லிய தகடு அதிர்ந்து, அந்த அலையிலேயே பேச்சை ஏற்றி அனுப்பும். 1952 வரை சிக்கவில்லை. கை அசைவைப் பாட்டாக்கிய அதே மூளை!

1991-ல் மறுபடி நியூயார்க் போய் கிளாராவைச் சந்தித்தார். 1993-ல் மாஸ்கோவில் இறந்தபோது வயது 97.

சரி, கிளாரா ‘ஸ்வான்’ என்ற சென்-சான்ஸ் இசைத்துண்டை வாசிக்கிற வீடியோவை அவசியம் தேடிப் பாருங்கள். எல்லோரும் வலது கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இடது கையைப் பாருங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நான் இழுத்தேனே, அந்த இழுவையை அவர் அந்தக் கையால்தான் மறைக்கிறார்.