பிசின் ஒரு மரத்துடையது, பேர் வாங்கியது இன்னொரு மரம்!

வணக்கம் மக்களே! திரையில் தெரிகிற மரத்தைப் பாருங்கள். நியூசிலாந்தின் வைப்போவா காட்டில் நிற்கும் கவுரி மரம், பெயர் 'தானே மஹுதா'. அடிமரத்தின் சுற்றளவு மட்டும் 13 மீட்டருக்கு மேல்! இந்தக் கவுரி மரத்தின் பிசினைக் கையில் வைத்துக்கொண்டே, "இது வேற மரத்தோடது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் பெரிய மனிதர்கள்.

பாடப்பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். கவுரி ஊசியிலை மர வகை, ஆனால் இலை ஊசியாக இருக்காது. அவ்வளவுதான். வாங்க, கப்பலுக்குப் போவோம்.

1769 நவம்பர், நியூசிலாந்தின் மெர்க்குரி விரிகுடா. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஜோசப் பேங்க்ஸ், டேனியல் சோலாண்டர் என்று இரண்டு தாவரவியல் புலிகள். முதலில் கடற்கரையில் பிசின் கட்டிகள் கிடைக்கின்றன. அப்புறம் பார்த்தால், அலையாத்தி மரங்களில் அதே பிசின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, இந்த மரம்தான் என்று குக் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்!

உண்மையில் கவுரியில் வடிந்து இறுகிய பிசின் தண்ணீரோடு கடலுக்கு வந்து, அலையில் மிதந்து அலையாத்தியில் ஒட்டியிருக்கிறது. யாரோ போட்டுவிட்டுப் போன மூட்டைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பிடித்த கதைதான். இந்தத் தப்பு அத்தோடும் நிற்கவில்லை. 1786இல் இயற்கை ஆய்வாளர் கியோர்க் ஃபார்ஸ்டர் அந்த அலையாத்திக்கு 'பிசின் தருவது' என்ற பொருளில் அவிசென்னியா ரெசினிஃபெரா என்று லத்தீன் பெயரே வைத்துவிட்டார். பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்க்கிறோமே வெண்கண்டல், அதே இனம்தான் இது. துணையினம் மட்டும் வேறு. நம்ம ஆள் மேல் எப்பேர்ப்பட்ட பழி!

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் இந்தப் பிசினை வாயில் போட்டு மென்றவர்கள், எரித்த கரியைப் பச்சை குத்தப் பயன்படுத்தியவர்கள். அவர்களோடு பேசத் தெரிந்த, தஹிதியில் கப்பலேறிய துபையா அதே கப்பலில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

1772இல் மரியோன் து ஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல் ஆட்கள் பாய்மரத்துக்காகக் கவுரியையே வெட்டினார்கள். அறிஞர்கள் கோட்டைவிட்டதைத் தச்சர்கள் பிடித்துவிட்டார்கள். கவுரிக்கு முறைப்படி லத்தீன் பெயர் கிடைத்தது 1824இல்தான்: தாவரவியலாளர் டேவிட் டான் வைத்த தம்மாரா ஆஸ்ட்ராலிஸ். இன்று அது அகாதிஸ் ஆஸ்ட்ராலிஸ்.

நியூசிலாந்து போகிறவர்கள் கவனியுங்கள்: மண் வழியாகப் பரவும் ஒரு நோய் இப்போது கவுரிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. காட்டு வாசலில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருப்பார்கள். ஷூவைத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள். செல்ஃபி அப்புறம்.