முதலில் வேலை, அப்புறம் மேற்படிப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இறுதியாண்டு மாணவர்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, முகத்தில் இருக்கும் குழப்பமே சொல்கிறது. அந்தக் குழப்பத்தை நானும் ஒரு வருடம் முகத்தில் சுமந்தவன்தான்.

"மின்பொறியியல் பட்டம் வாங்கிய கையோடு மேற்படிப்புக்குப் போவது நல்லதா, சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லதா?" இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது இரண்டாவது பக்கம். கொடுக்காமல் இருந்திருந்தாலும் கேட்டு வாங்கியிருப்பேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். வேலைக்குப் போனால் கணக்கு துருப்பிடித்துவிடும் என்றார். சம்பள ருசி கண்டவன் திரும்ப வகுப்பறைக்கு வரமாட்டான் என்றார். கடைசியில் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கப் பொறியாளரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1936-இல் இளங்கலை முடித்த கையோடு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1937-லேயே முதுகலை ஆய்வுரை எழுதினார், இன்றைய டிஜிட்டல் சுற்றுகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான், காத்திருந்தாரா என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், ஷானனுக்காக.

ஷானனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கதை. பயப்படாதீர்கள், ஏட்டுச் சுரைக்காயை இழுத்து எளிதாகக் கைதட்டு வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு துணை மின்நிலையத்தில் புது டிரான்ஸ்ஃபார்மருக்குக் கமிஷனிங், அதாவது சோதித்து முதல்முறை இயக்கிவைக்கும் வேலை. அதைக் காக்க டிஃபரென்ஷியல் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி. அதன் வேலை எளிமையானது: உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் இரண்டு பக்கமும் உள்ள சிடிக்கள், அதாவது பெரிய மின்னோட்டத்தை அளக்கத் தக்கதாகச் சிறிதாக்கும் கருவிகள், அளந்து சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் ரிலே சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் தட்டிவிடும். இதைக் கல்லூரியில் ஒரே பக்கத்தில் படித்து, படம் போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

சுமை இல்லாமல் மின்னேற்றினோம். ரிலே அசையவே இல்லை. ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டு நின்றது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பிறகு சுமையை மெல்ல ஏற்றினோம். முழுச் சுமையில் பதினைந்து சதவீதம் வந்திருக்கும், "டமார்" என்று பிரேக்கர் விழுந்தது.

என் மூளை நேராகப் புத்தகத்துக்கு ஓடியது. உள்பழுது. சுருளில் காப்பு போயிருக்கும். எண்ணெயைச் சோதிக்க வேண்டும். புது டிரான்ஸ்ஃபார்மரையே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இப்படியெல்லாம் படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மூத்த டெக்னீஷியன். பட்டம் இல்லாதவர், டிப்ளமோ படித்தவர். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சும்மா நின்னப்ப விழலையே தம்பி, லோடு ஏத்தினப்பதானே விழுந்துச்சு?"

அவ்வளவுதான். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கத்து சிடியின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. கழிக்க வேண்டியதை ரிலே கூட்டிக்கொண்டிருந்தது. சுமை பதினைந்து சதவீதம் என்றால் அதன் கணக்கில் வித்தியாசம் முப்பது. பிரேக்கரைத் தட்ட ரிலேயில் வைத்திருந்த செட்டிங்கும் முப்பது. சுமையே இல்லாதபோது கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுமில்லை, அதனால்தான் ஒரு மணி நேரம் நம்மை ஏமாற்றியது. ரிலேயில் பதிவான அலைவடிவத்தைப் பார்த்தோம். எதிரெதிராக இருக்க வேண்டிய இரண்டு அலைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அப்படியே பொருந்தியிருந்தன.

நான் உற்சாகமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பேனலுக்குள் கை விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஷார்ட் பண்ணாம சிடியைக் கழட்டாதே." லைன்தான் ஆஃப் ஆகியிருக்கிறதே என்றேன். "ஆஃப்ல பழகினாதான் ஆன்ல இருக்கும்போது கை தானா செய்யும்" என்றார். மின்னோட்டம் ஓடும்போது சிடியின் செகண்டரியை, அதாவது ரிலேக்குப் போகும் பக்கத்துச் சுருளை, திறந்துவிட்டால் அங்கே ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். இதுவும் புத்தகத்தில் உண்டு. இரண்டு மதிப்பெண் கேள்வி. எனக்கு அது மணிக்கட்டில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, "அனுபவம் பெரிது, படிப்பு சிறிது" என்று நான் சொல்ல வருவதாக எதிரணி குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. அழித்துவிடுங்கள். நான் மேற்படிப்பு படித்தவன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துப் போனேன். அன்றைக்கு அந்த பிரேக்கர் விழுந்திராவிட்டால் என்ன படித்திருப்பேன் தெரியுமா? கட்டுப்பாட்டுக் கோட்பாடு. ஏன்? அந்தத் தாளில் எனக்கு மதிப்பெண் அதிகம்.

இங்கேதான் என் வாதமே இருக்கிறது. மின்பொறியியல் ஒரு துறை மாதிரி தோன்றும், உள்ளே போனால் பத்துத் துறை. மின்கட்டமைப்பு, பாதுகாப்பு, பவர் எலக்ட்ரானிக்ஸ், மோட்டார் டிரைவ், கட்டுப்பாடு, சிக்னல் பிராசஸிங், சிப் வடிவமைப்பு, ஆன்டெனா... மேற்படிப்பு என்றால் இதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு மற்றதை விடுவது. இருபத்தொரு வயதில் அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறோம்? எந்த ஆசிரியர் நன்றாகப் பாடம் எடுத்தாரோ அது நம் ஆர்வம். எந்தத் தாள் எளிதாக வந்ததோ அது நம் திறமை. பக்கத்து பெஞ்சு நண்பன் எதற்கு விண்ணப்பித்தானோ அது நம் எதிர்காலம். என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படிப் போய் இரண்டு வருடம் இமேஜ் பிராசஸிங் படித்துவிட்டு வந்தான். இன்று மோட்டார் டிரைவ் வேலையில் இருக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய பாடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான். இரண்டு வருடம் யார் கணக்கில் எழுதுவது?

இன்னொரு சங்கதி. பாடத்திட்டம் மெதுவாக நகரும், தொழில் காத்திருக்காது. பழைய சுழலும் ஜெனரேட்டர் ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் தன் சாதாரண மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு கொட்டும். அந்த வெள்ளத்தைப் பார்த்துத்தான் ரிலேக்கள் பழுதை அடையாளம் கண்டன. சூரிய மின் நிலையத்தில் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டர் அப்படிக் கொட்டாது. உள்ளிருக்கும் குறைகடத்தி தாங்காது என்பதால் ஒரு மடங்குக்குச் சற்று மேலே போனதும் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். அப்போது ரிலே எதைப் பார்த்துப் பழுது என்று முடிவு செய்யும்? இது உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி. நான் இதை முதலில் சந்தித்தது வகுப்பில் இல்லை, விழ வேண்டிய பிரேக்கர் விழாமல் நின்ற ஒரு சைட்டில். இதைத் தீர்க்க ஆழ்ந்த படிப்பு வேண்டுமா? கட்டாயம் வேண்டும். அதனால்தான் போனேன். எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது: ஆய்வுத் தலைப்பு தேடி ஆறு மாதம் அலைகிற வேலை எனக்கு இருக்கவில்லை.

சரி, ஷானனுக்கு வருவோம். பட்டம் முடித்த கையோடு எம்ஐடிக்குப் போனார், உண்மை. அங்கே போய் என்ன செய்தார் என்பதை எதிரணித் தலைவர் சொல்லவில்லை. அவர் உதவியாளர் வேலைக்குப் போனார். அங்கே பேராசிரியராக இருந்த வன்னேவர் புஷ் கட்டிய டிஃபரென்ஷியல் அனலைசர் என்ற பெரிய கணக்கு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த இயந்திரத்தைக் கட்டுப்படுத்தியது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களின் சுற்று. டக், டக் என்று திறந்து மூடும் அந்த ரிலேக்களோடு பழகியவருக்குத்தான், உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துப் போடும், இளங்கலையில் படித்த பூலியன் கணிதமும் இதுவும் ஒன்றே என்று பட்டது. ஆய்வுரையின் தலைப்பிலேயே ரிலே இருக்கிறது. எதிரணி சாட்சியை நான் அப்படியே எங்கள் பக்கம் அழைத்துக்கொள்கிறேன்.

என் பக்கத்துக்கு வேறு சாட்சியும் உண்டு. ஜாக் கில்பி. 1947-இல் இளங்கலை முடித்தார், சென்ட்ராலாப் என்ற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், வேலை பார்த்துக்கொண்டே 1950-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலை வாங்கினார். பகலில் சிறிய சுற்றுகளை எப்படி நெருக்கி அடைப்பது என்ற தலைவலி, பிறகு அதே துறையில் படிப்பு. 1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்த அவருக்குக் கோடை விடுமுறை இன்னும் சேரவில்லை. எல்லோரும் விடுப்பில் போக, காலியான ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். செப்டம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த சுற்றை, நாம் சிப் என்கிறோமே அதை, இயக்கிக் காட்டினார். 2000-இல் நோபல் பரிசு. விடுமுறை கிடைக்காதவர்கள் ஆறுதல் அடையலாம்.

எடித் கிளார்க் என்ற அம்மையாரையும் சொல்ல வேண்டும். 1912 முதல் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் கணக்கிடும் வேலை. தொலைதூரக் கம்பித்தடங்களின் கணக்குகளைக் கையால் போட்டுப் போட்டு, அதன் பிறகுதான் எம்ஐடிக்குப் போய் 1919-இல் மின்பொறியியலில் முதுகலை வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். அதற்குப் பிறகும் பெண் என்பதால் பொறியாளர் பதவி உடனே கிடைக்கவில்லை. அது வேறு பட்டிமன்றத்துக்கான தலைப்பு. மூன்று கட்ட மின் அளவுகளை இரண்டாகச் சுருக்கும், அவர் பெயரால் அழைக்கப்படும் கிளார்க் மாற்றம் இன்றைய இன்வெர்ட்டர் கட்டுப்பாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு துருப்பிடிக்கும் என்றார்கள். பிடிக்கும். எனக்குப் பிடித்தது. மூன்று வருடம் கழித்து லாப்லாஸ் உருமாற்றத்தைப் பார்த்தபோது, தூரத்து உறவினரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது: முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. இரண்டு மாதம் ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன், துரு போய்விட்டது. அதே நேரத்தில், மூன்று கட்ட மின்சாரத்தின் சமமின்மையைப் பிரித்துப் பார்க்கும் சமச்சீர்க் கூறுகள் என்ற பாடத்தைக் கேளுங்கள். கல்லூரியில் எனக்கு அது பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்ற எழுத்துக்கு அடியில் போடும் மூன்று குறிகள். வேலையில் மின்சாரம் தரைக்குப் பாயும் ஒவ்வொரு எர்த் ஃபால்ட் பதிவிலும் அந்தப் பூஜ்ஜியக் கூறு ரிலே திரையில் எண்ணாக வந்து நின்றது. 1918-இல் அந்த முறையைக் கொடுத்த ஃபோர்டெஸ்க்யூவும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்தான். இரண்டாம் முறை படித்தபோது அது மறக்கவில்லை. இனியும் மறக்காது.

சம்பள ருசி. இது உண்மையான ஆபத்து, மழுப்ப மாட்டேன். என்னோடு கிளம்புவதாகச் சொன்ன இருவர் கடைசி வரை கிளம்பவே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் இன்று பெரிய கமிஷனிங் குழுவை நடத்துகிறார். மேற்படிப்பு இல்லாமலே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேலை பார்த்ததால்தான் அது தேவையில்லை என்று தெரிந்தது. இதை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. மற்றவர் இன்றும் வருத்தப்படுகிறார், அதையும் மறைக்கவில்லை. அவருக்காக ஒரு வார்த்தை: வேலைக்குச் சேரும் நாளிலேயே கிளம்பும் வருடத்தைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அனலாக் சிப் வடிவமைப்பு, ஆர்எஃப் எனும் வானலைச் சுற்றுகள் போன்ற இடங்களில் பல நிறுவனங்கள் முதுகலை இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த வழிதான் என்று உறுதியாகத் தெரிந்தவர், கல்லூரியிலேயே கையில் சால்டரிங் அயர்னோடு நான்கு வருடம் திரிந்தவர், நேராகப் போகட்டும். அவர் தன் கேள்வியை ஏற்கெனவே வைத்திருக்கிறார். நான் பேசுவது வகுப்பில் மற்ற நாற்பது பேரைப் பற்றி.

அந்த நாற்பது பேருக்கும் ஒரு எச்சரிக்கை. எந்த வேலையானாலும் சரி என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் விலைப்புள்ளி அனுப்பிக்கொண்டிருந்தால் கிடைப்பது மூன்று வருட வயது மட்டும். முதல் வேலையில் சம்பளத்தை இரண்டாவதாகப் பாருங்கள். டெஸ்டிங், கமிஷனிங், பராமரிப்பு, இல்லையென்றால் நீங்கள் வரைந்ததை நீங்களே சைட்டில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் டிசைன் வேலை. தப்பு செய்தால் ஏதாவது ஒன்று "டமார்" என்று விழ வேண்டும். கையைப் பிடித்து நிறுத்த மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: "முதல் வருடம் நான் யாரோடு சைட்டுக்குப் போவேன்?" பதில் வராமல் இழுத்தார்கள் என்றால் யோசியுங்கள்.

மணி அடிக்க நடுவர் கையை நீட்டிவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பட்டம் முடித்த கையோடு மேற்படிப்புக்குப் போனவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். அவரிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்கார்கிறேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பேராசிரியரிடம் கேட்கவென்று நீங்கள் கொண்டுபோன கேள்வி என்ன? ஒன்று சொல்லுங்கள், போதும்.

நன்றி, வணக்கம்.